மார்கழி முகில்களும் மலைநாட்டு மழையும்

கார்த்திகை பிறந்த பின்னர் திருகோணமலை மாவட்டக் கமக்காரர் வானத்தை நோக்காத நாள் இல்லை. பயிர் வயலில் நிற்கின்றது. யூரியாச் சாக்கு வீட்டில் இருக்கின்றது. இன்று இடுவதா நாளை இடுவதா என்ற வினா எழுகின்றது. பெரும்பாலோர் முகிலின் கருமையை மட்டும் பார்த்து இவ்வினாவைத் தீர்த்துக்கொள்கின்றனர். முகில் கருமையாகத் தோன்றுவது அதன் தடிப்பினாலும், ஞாயிறு அதற்கு அப்பால் நிற்பதனாலும் ஆகும். அதே முகிலை மறுபுறத்திலிருந்து பார்ப்பவருக்கு அது பஞ்சுபோல் வெண்மையாகத் தோன்றக் கூடும். ஆகவே நிறம் போதிய சான்று ஆகாது. ஒரு முகில் எவ்வாறு உண்டாயிற்று என்பதை அறிந்தவருக்கே அது என்ன செய்யும் என்பது ஓரளவேனும் புலப்படும். அது எங்கே உண்டாயிற்று என்பதும் அதே அளவு வேண்டப்படுவதாகும். ஏனெனில் மூதூர், கிண்ணியா, வெருகல் ஆகிய பகுதிகளின் வயல்களை மூழ்கடிக்கும் பெருவெள்ளத்தில் ஒரு பெரும் பங்கு, அவ்வயல்களுக்கு மேல் நின்ற முகிலிலிருந்து வீழ்ந்ததன்று.

திருகோணமலை நகரில் ஓர்ஸ் ஹில் என வழங்கும் மேட்டிலிருந்து நோக்குவார்க்கு இது எளிதில் விளங்கும். அதன் அடியில் உட்துறைமுகம் கிடக்கின்றது. கிழக்கே நகரும், அதற்கப்பால் திறந்த கடலும் உள்ளன. தெற்கே கொட்டியாரக் குடா விரிகின்றது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில், முகில்கள் கடலிலிருந்து எழுந்து வருவதையும், துறைமுகத்தைக் கடந்து தென்மேற்கே உள்நாடு நோக்கிச் செல்வதையும் இங்கு நின்று காணலாம். அவ்வாறு சென்றவற்றின் நீர் திரும்பி வரும் வழியும் அக்காட்சியிலேயே அடங்கியுள்ளது. மலைநாட்டில் தோன்றி 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிலேயே கடலை அடைகின்றது.

காற்று உயர்தலும் குளிர்தலும்

முகில் என்பது மிக நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டமாகும். பெரிய உயரங்களில் அது பனிக்கட்டித் துகள்களின் கூட்டமாக இருக்கும். கண்ணுக்குப் புலனாகாத நீராவி காற்றில் எப்பொழுதும் உண்டு. வெப்பமான காற்று மிகுதியான ஆவியையும், குளிர்ந்த காற்றுக் குறைந்த ஆவியையும் தாங்கும். 27 பாகை செல்சியசு வெப்பநிலையில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 26 கிராம் ஆவியைத் தாங்கவல்லது. 17 பாகையில் அதனால் ஏறத்தாழ 14½ கிராமையே தாங்க முடியும். எஞ்சிய ஆவி நீராக ஒடுங்குதல் வேண்டும். வங்காள விரிகுடாவைக் கடந்து வரும் வாடைக்காற்று ஆசியப் பெருநிலத்திலிருந்து வறண்டே புறப்படுகின்றது. வெப்பமான கடலின் மேல் நெடுந்தூரம் வருவதால் ஆவி நிறைந்து திருகோணமலையை அடைகின்றது. இனி அதனைக் குளிர்விக்க ஒன்று வேண்டும்.

காற்றைக் குளிர்விக்கும் முதன்மையான காரணம் அது மேலே எழுதலாகும். உயரம் கூட அமுக்கம் குறையும். அமுக்கம் குறையக் காற்று விரியும். விரிகின்ற காற்றுத் தன்னிடமுள்ள வெப்பத்தைச் செலவிட்டே விரிகின்றது. துவிச்சக்கர வண்டியின் சில்லிலிருந்து திறந்துவிடப்படும் காற்று விரலுக்குக் குளிர்ச்சியாகப் படுவது இதனாலேயே. ஒடுங்கத் தொடங்காத காற்று ஒவ்வொரு 100 மீற்றர் உயர்வுக்கும் ஏறத்தாழ ஒரு பாகை குளிரும். ஒடுங்கத் தொடங்கியதும் நிலைமை மாறும். ஆவி நீராகும்பொழுது அதில் மறைந்திருந்த வெப்பம் வெளிவந்து குளிர்ச்சியை ஓரளவு ஈடுசெய்வதால், இலங்கை போன்ற வெப்ப நாடுகளின் தாழ்ந்த உயரங்களில் 100 மீற்றருக்கு ஏறத்தாழ அரைப் பாகையே குறையும். ஒரு பாகை, அரைப் பாகை என்னும் இவ்விரு எண்களையும் நினைவில் இருத்துக. மலைநாட்டு மழையின் கணக்கு முழுவதும் இவற்றிலேயே தங்கியுள்ளது.

காற்று எவ்வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் ஒடுக்கம் தொடங்குமோ அதனைப் பனிபடுநிலை என்பர். இதனை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். பளபளப்பான தகரப்பேணி ஒன்றில் அரைப்பங்கு நீர் ஊற்றி அதில் வெப்பமானி ஒன்றை நிறுத்துக. பனிக்கட்டித் துண்டுகளைச் சிறிது சிறிதாக இட்டுக் கலக்கி வருக. பேணியின் வெளிப்புறம் எந்த வெப்பநிலையில் மங்கத் தொடங்குகின்றதோ அதுவே பனிபடுநிலை. மூச்சுப் படாதவாறு சற்று விலகி நின்று பார்த்தல் வேண்டும். அருகில் நின்று ஊதிவிட்டுப் பேணி மங்கியது என்று கொள்வதிற் பயனில்லை. பின்னர் நிழலிற் காற்றின் வெப்பநிலையை அளந்து, இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை 125 ஆற் பெருக்குக. நண்பகலில் நிலத்திலிருந்து எழும் திரள் முகிலின் அடி ஏறத்தாழ அத்தனை மீற்றர் உயரத்தில் இருக்கும். காற்று 29 பாகையும் பனிபடுநிலை 24 பாகையும் ஆயின் வேறுபாடு 5; முகிலின் அடி 625 மீற்றர். வேறுபாடு இரண்டு மூன்று பாகையாகக் குறைந்த நாளில் முகில் தாழ்ந்து நிற்கும். வயலில் இட்டதும் விரித்ததும் காயமாட்டா.

ஒடுங்கிய நீரெல்லாம் உடனே மழையாவதில்லை. முகிலிலுள்ள ஒரு துளியின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்காகும். இரண்டு மில்லிமீற்றர் குறுக்களவுள்ள ஒரு மழைத்துளி உண்டாவதற்கு அத்தகைய துளிகள் பத்து இலட்சம் ஒன்றுசேர்தல் வேண்டும். அதற்கு முகிலிற்குத் தடிப்பு வேண்டும், காலமும் வேண்டும். கடல் அலையிலிருந்து பறக்கும் உப்புத் துகள்கள் சற்றுப் பெரிய துளிகளை உண்டாக்குவதால், கடலோர முகில்கள் அதிக உயரம் வளரு முன்னரே தூறிவிடுகின்றன.

ஓர்ஸ் ஹில்லும் உண்மையான மலைகளும்

மேடு முகிலைத் தடுத்து மழை தரும் என்று பலர் கூறுவர். கூற்று உண்மையே, ஆயின் ஓர்ஸ் ஹில் போன்ற மேடுகளுக்கு அது பொருந்தாது. நூறு மீற்றரையும் எட்டாத ஒரு மேடு காற்றை ஒரு பாகையளவு கூடக் குளிர்விக்க முடியாது. மேலே கண்ட கணக்கின்படி முகிலின் அடிக்கு இன்னும் பல நூறு மீற்றர் ஏறவேண்டும். நகரில் மழை பெய்கையில் இம்மேட்டிலும் பெய்யும். அதற்கு மேல் இதற்கும் மழைக்கும் தொடர்பு இல்லை.

வாடைக்காற்று முதலிற் சந்திக்கும் பெரிய தடை நக்கிள்ஸ் மலைத்தொடராகும். கண்டிக்கு வடகிழக்கே மாத்தளை, கண்டி மாவட்டங்களில் நிற்கும் இத்தொடரின் உச்சி 1,906 மீற்றர் உயரமானது. சமவெளியின் மேல் தடையின்றி வந்த காற்று இங்கு விலக வழியின்றி ஏறுகின்றது. ஏறுகையில் ஒடுங்கி, மலையின் கிழக்குச் சரிவை ஒட்டியவாறே முகிலாக நிற்கின்றது. மலைச் சிகரத்திற் குல்லாய் வைத்தாற்போல் ஒரு முகில் அசையாது நிற்பதை மலைநாட்டிற் காணலாம். உண்மையில் அம்முகில் நின்றுகொண்டிருப்பதன்று. காற்று ஒருபுறம் ஏறுந்தோறும் புதிய துளிகள் உண்டாகின்றன. மறுபுறம் இறங்குந்தோறும் அவை ஆவியாகி மறைகின்றன. அடுப்பிலுள்ள கேத்தலின் மூக்கில் ஆவிப்புகை ஒரேயிடத்தில் நிற்பதுபோல் தோன்றுவது இதற்கு ஒப்பாகும்.

ஏறி இறங்கிய காற்று என்னாகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போருக்கு வியப்பான ஓர் உண்மை புலப்படும். திருகோணமலைக் கரையில் 27 பாகை வெப்பமுள்ள காற்று 400 மீற்றர் உயரத்தில் ஒடுங்கத் தொடங்குவதாகக் கொள்க. அவ்வுயரத்தில் அதன் வெப்பநிலை 23 பாகை. அங்கிருந்து 1,400 மீற்றர் வரை, அதாவது இன்னும் 1,000 மீற்றர், அரைப் பாகைக் கணக்கில் ஏறுகையில் 5 பாகை குறைந்து 18 ஆகின்றது. நீரைச் சரிவிலே மழையாக விட்டுவிட்ட காற்று மறுபுறம் இறங்குகையில் முழுப் பாகைக் கணக்கில் வெப்பம் அடைகின்றது. 1,400 மீற்றர் இறங்க 14 பாகை கூடி 32 ஆகின்றது. புறப்பட்ட காற்றிலும் 5 பாகை வெப்பமாகவும், ஆவி குன்றியதாகவும் அது மேற்குத் தாழ்நிலத்தை அடைகின்றது. காற்று முழுவதும் மலையைக் கடப்பதில்லையாதலின் உண்மையில் எண்கள் சற்று வேறுபடும். எனினும் தை மாதத்தில் திருகோணமலை மூடிய வானத்தின் கீழ்க் குளிர்ந்திருக்க, கொழும்பில் வெயில் எரிப்பதற்குக் காரணங்களில் இஃதொன்றாகும்.

ஆனி, ஆடியில் இதுவே திசைமாறி நிகழ்கின்றது. தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு, மலையிறங்கி, வெப்பமான சமவெளியைக் கடந்து திருகோணமலையை அடைகின்றது. அதுவே கச்சான். கச்சான் காலத்தில் மேட்டுநிலத்து மிளகாயும் சிறுபோக நெல்லும் நீர் கேட்பது வெயிலால் மட்டுமன்று. மலையிறங்கிய அக்காற்று ஆவியைத் தேடித் திரிவதாகும்.

மலைநாட்டில் மாரிக் காலம் முழுவதும் முகில் மூடியிருப்பதாக எண்ணவேண்டா. தை, மாசியில் வடக்கிலிருந்து வறண்ட காற்று வந்து, இரவு வானம் தெளிந்து, காற்றும் அசையாதிருக்குமாயின், நிலம் தன் வெப்பத்தை விண்ணுக்கு இழந்துவிடுகின்றது. முகில் இருந்தால் அது போர்வைபோல் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். முகில் இல்லாத இரவில் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் பள்ளங்களிற் குளிர்ந்த காற்று நீர்போல் வழிந்து தேங்கி உறைபனியை உண்டாக்குகின்றது. தேயிலைத் தளிரும் உருளைக்கிழங்கு இலையும் கருகுவது பள்ளத்திலேயே அதிகம். சரிவில் உள்ளவை பெரும்பாலும் தப்பிவிடும்.

திரளும் படையும்

முகில்களை வகைப்படுத்தும் முறையை 1802 ஆம் ஆண்டில் இலண்டனில் வகுத்துரைத்தவர் லூக் ஹவாட் என்பவர். அவர் தொழிலால் மருந்து வாணிகர். இன்று உலக வளிமண்டலவியல் நிறுவனம் பத்துப் பெருவகைகளைக் கொண்டுள்ளது. கமக்காரருக்குப் பத்தும் வேண்டியதில்லை. குவிந்து எழுவது திரள் முகில். விரித்த பாய்போற் பரவுவது படை முகில். மிக உயரத்திற் கீறிவிட்டாற்போல் தோன்றுவது கீற்று முகில். இம்மூன்றையும் பிரித்தறிதலே போதுமானது. ஏனெனில் வடிவம் காற்று எழுந்த வகையைக் காட்டுகின்றது. காற்று ஓரிடத்தில் விரைந்து எழுந்தால் திரள். பெரும் பரப்பில் மெல்ல எழுந்தால் படை.

ஐப்பசியிலும் கார்த்திகையின் முற்பகுதியிலும் திரள் முகிலே ஆட்சி செய்கின்றது. அப்பொழுது பருவக்காற்று இன்னும் வலுப்பெறவில்லை. முற்பகலில் நிலம் சூடேறக் காற்று எழுகின்றது. கடற்காற்று உட்புகுந்து அதனை மேலும் தள்ளுகின்றது. பத்து மணிக்குச் சிறு பஞ்சுத் திரளாகத் தோன்றுவது பிற்பகலிற் கோபுரமாக வளர்ந்து, பதினைந்து கிலோமீற்றருக்கு மேல் உயர்ந்து, உச்சி பட்டடைக்கல்போற் பரந்துவிடும். இதுவே திரண்மழை முகில். இடி, மின்னல், சுழன்றடிக்கும் காற்று, கொட்டும் மழை ஆகிய நான்கும் இதனுள் உண்டு. ஒரு மணித்தியாலத்துள் இது பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஆயின் வெட்டவெளியாகிய வயலில் நிற்பவருக்கு அந்த ஒரு மணித்தியாலம் மிகக் கொடியது. உச்சி பரந்த முகில் ஒன்று உள்நாட்டுப் பக்கம் தெரிந்தாலே மண்வெட்டியை விட்டுக் கூரையுள்ள இடத்திற்குச் செல்க. இடியோசை கேட்கும் தொலைவு மின்னல் தாக்கக்கூடிய தொலைவேயாகும்.

மார்கழியில் வாடை வலுத்த பின்னர் திரள்கள் கடலின் மேல் உண்டாகிக் கரைக்கு வருகின்றன. இவை குட்டையானவை, வரிசை வரிசையாக வரும். இரவின் பிற்பகுதியிலும் விடியற்காலையிலும் இவற்றின் மழை மிகுதியாகக் காணப்படும். கடலின் மேற் சாம்பல் நிறத் திரையொன்று தொங்குவதைக் கண்டால், மழை ஏற்கெனவே அங்கு பெய்துகொண்டிருக்கின்றது என்று அறிக. அடுத்தடுத்த இரு திரைகளுக்கு இடையில் வெயில் எறிக்கும் இடைவெளி தெரிந்தால், அந்நாள் வேலைக்கு முற்றாகக் கெட்டதன்று.

படை முகிலின் இயல்பு வேறு. கடலில் தாழமுக்கம் தோன்றும்பொழுது, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் பரப்பிற் காற்று மெல்ல எழுகின்றது. அதனால் வானம் முழுவதும் ஒரே சாம்பல் நிறமாகி, ஞாயிறு இருக்குமிடமும் தெரியாமற் போகும். மழை பெருங்கூச்சல் இடுவதில்லை. மெல்லத் தொடங்கும், இரண்டு மூன்று நாள் விடாது நிற்கும். திருகோணமலையில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரி ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர். அதில் ஐந்தில் இரண்டு பங்கிற்கு மேல் நவம்பர், டிசம்பர் ஆகிய இரு மாதங்களிலேயே வீழ்கின்றது. குளங்கள் வான் பாய்வதும் வரம்புகள் கரைவதும் பெரும்பாலும் இந்த ஓசையற்ற மழையினாலேயே. ஆரவாரத்துடன் வரும் திரண்மழை முகிலுக்கு அஞ்சுவோர், அமைதியாக வரும் படை முகிலையே பெரிதும் அஞ்சுதல் வேண்டும்.

நிலாவைச் சூழும் வட்டம்

நிலாவைச் சுற்றி வட்டம் அகன்று தோன்றினால் மழை அண்மையில் உண்டென்றும், நெருங்கித் தோன்றினால் மழை தொலைவில் உள்ளதென்றும் முதியோர் கூறுவர். இதனை மூட நம்பிக்கை எனத் தள்ளுதல் தகாது. அகன்ற வட்டம் பனிக்கட்டித் துகள்களால் உண்டாவது. அறுகோணத் துகள்களுட் புகுந்த ஒளி வளைவதால் வட்டம் எப்பொழுதும் ஏறத்தாழ 22 பாகை விலகியே தோன்றும். கையை நீட்டிச் சாணை விரித்து, பெருவிரல் நுனியை நிலாவிற் பொருத்தினால், சிறுவிரல் நுனி ஏறத்தாழ வட்டத்தைத் தொடும். வானத்தின் பெரிய உயரங்களிற் படைபோன்ற மென்முகில் பரவியிருப்பதை இது காட்டுகின்றது. தாழமுக்கம் ஒன்று அணுகும்பொழுது முதலில் வருவதும் இத்தகைய முகிலே. நிலாவை ஒட்டி இரண்டு மூன்று விரல் அகலத்தில் நிறங்களுடன் தோன்றும் சிறு வட்டம் வேறு. அது நீர்த்துளிகளாலான மெல்லிய இடைமுகிலின் செயலாகும். அதிற் பெருமழைக்கு அறிகுறி யாதும் இல்லை.

எனினும் அகன்ற வட்டத்தை மட்டும் நம்பி முடிவு கட்டலாகாது. தொலைவில் இடித்து ஓய்ந்த திரண்மழை முகிலின் பரந்த உச்சி, தனியே பிரிந்து மிதந்து வந்தாலும் அதே வட்டம் தோன்றும். மறுநாட் காலையில் வானம் படிப்படியாகத் தடித்து, காற்றும் திசைமாறினால் மாத்திரம் அது தாழமுக்கத்தின் அறிகுறி எனக் கொள்க.

காற்றின் திசையும் மகாவலியின் நீரும்

மார்கழியில் திருகோணமலையிற் காற்று வடகிழக்கிலிருந்து வீசுதல் வழக்கம். அது வடக்கிற்கோ வடமேற்கிற்கோ திரும்பி வலுக்குமாயின் கவனம் வேண்டும். பூமியின் வடபாதியில், காற்றிற்கு முதுகு காட்டி நிற்பவரின் இடக்கைப் பக்கம் தாழமுக்கத்தின் மையம் இருக்கும். காற்று வடக்கிலிருந்து வந்தால் மையம் கிழக்கே, கடலில் உள்ளது. பின்னர் காற்று வடகிழக்காகவும் கிழக்காகவும் மாறிச் செல்லுமாயின் மையம் தெற்காற் கடந்து செல்கின்றது. வடமேற்காகவும் மேற்காகவும் மாறுமாயின் அது வடக்காற் செல்கின்றது. திசை மாறாது வேகம் மட்டும் கூடிக்கொண்டே போகுமாயின் மையம் அவ்விடத்தையே நோக்கி வருகின்றது எனக் கொள்ளவேண்டும். அவ்வாறு வந்த புயல் நடுவே திடீரென அடங்கி வானம் வெளித்தாலும் வெளியே செல்லலாகாது. அது புயலின் கண். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் தாக்கும்.

கீழ்க்கரை இதனைப் பலமுறை கண்டுள்ளது. 1964 டிசம்பர் 22 ஆம் நாள் திருகோணமலைப் பகுதியைத் தாக்கிய சூறாவளியே அவ்விரவு தனுஷ்கோடியையும் அழித்தது. 1978 நவம்பர் 23 இற் சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. 2020 டிசம்பர் 2 இல் புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புகட்டிய பாடம் காற்றைப் பற்றியதன்று. அது மெதுவாக நகர்ந்தது. ஈரக்காற்று மலைச் சரிவுகளில் இடைவிடாது ஏற்றப்பட்டது. மேலே கூறிய மலையேற்ற ஒடுக்கமும், தாழமுக்கத்தின் படை முகிலும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகள் ஊர்களைப் புதைத்தன. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அம்மலைநீர் மகாவலி வழியே இறங்கிவந்தபொழுது திருகோணமலை மாவட்டத்தின் தெற்குப் பகுதி வெள்ளத்தில் ஆழ்ந்தது. மாவிலாற்று அணைக்கரை உடைப்பெடுத்தது. மலையில் மழை ஓய்ந்த பின்னரும் தாழ்நிலத்தில் நீர் உயரக் கூடும். தலைக்கு மேல் வானம் வெளித்துவிட்டது என்று மாடுகளை மீண்டும் ஆற்றுத் திடலுக்கு ஓட்டிச் செல்பவர் இதனை மறந்துவிடுகின்றனர்.

ஆகவே மகாவலிப் படுகையிற் கமம் செய்வோர் இரண்டு வானங்களைக் கவனித்தல் வேண்டும். மலைநாட்டு வானம் கண்ணுக்கு எட்டாது. அதற்குப் பதிலாக நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் ஆற்று நீர்மட்ட அறிக்கைகளில் மனம்பிட்டியில் எடுக்கப்படும் அளவு நோக்கத்தக்கது. அங்கு மட்டம் விரைந்து உயருமாயின் அந்நீர் கொட்டியாரக் குடாவை நோக்கியே வருகின்றது. விதைநெல், பசளை, நீரிறைக்கும் இயந்திரம் ஆகியவற்றை மேட்டிற்கு ஏற்றுவதற்கு அவ்வேளையே தகுந்தது. எச்சரிக்கையை வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலிலிருந்தும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் தொலைபேசி எண்ணிலிருந்தும் அறியலாம். முகிலைப் பார்த்தறிவது அன்றாட வேலைக்கு உதவும். புயலைப் பற்றிய அறிவித்தலுக்கு அது ஈடாகாது.

வயலில் செய்யவேண்டியவை

யூரியா இடும் நாளைத் தெரிவதில் மேற்கூறிய பிரிவினை நேரே பயன்படும். இடையிடையே வெயில் தெரியும் திரள் முகில் நாளில் ஒரு பாட்டம் மழை பெய்தாலும், வரம்பு நன்றாயிருந்து வக்கடை அடைக்கப்பட்டிருந்தால், பசளை வயலிலேயே நிற்கும். ஞாயிறு தெரியாத படை முகில் நாளில் இடவே கூடாது. வரம்பைக் கடந்து வழியும் நீருடன் யூரியாவும் அயல் வாய்க்காலுக்குப் போய்விடும். சாக்கின் விலை கமக்காரருக்கு, அதன் பயன் வாய்க்காற் புல்லுக்கு. இரண்டு நாள் பிந்துவதாற் பயிர் சிறிது வெளிறலாம். அது பின்னர் தேறிவிடும்; ஓடிய பசளை திரும்பாது. களைநாசினிக்கும் இதுவே விதி. தெளித்த பின் எத்தனை மணித்தியாலம் மழை கூடாது என்பது போத்தலின் சிட்டையிற் காட்டப்பட்டிருக்கும். கடலிலிருந்து திரள்கள் வரிசையாக வரும் விடியற்காலையை விடுத்து, அவை நின்ற இடைவெளியில் தெளித்தல் நன்று.

படை முகிலும் தூறலும் பல நாள் நீடித்தால் இலை காய்வதில்லை. எரிபந்த நோயின் பூஞ்சணம் ஈரமான இலையிலேயே முளைக்கின்றது. தெளிந்த இரவிற் பெய்யும் கடும் பனியும் இலையை நெடுநேரம் ஈரமாக வைத்திருப்பதால் அதே தீங்கைச் செய்யும். அத்தகைய நாட்களுக்குச் சற்று முன்னர் யூரியாவை அளவுக்கு மிஞ்சி இட்ட வயலே முதலில் நோய்ப்படும். இலையில் இருமுனையும் கூர்ந்து நடுச் சாம்பல் நிறமான புள்ளிகள் காணப்படின், மேற்கொண்டு யூரியா இடுவதை நிறுத்திவிட்டு விவசாயப் போதனாசிரியருக்கு அறிவிக்க.

மழையை அளத்தல் எவருக்கும் இயலும். பக்கங்கள் நேராகவுள்ள தகரப்பேணி ஒன்றை, மரநிழலும் கூரைச் சாரலும் படாத வெளியில், நிலத்திலிருந்து முழங்கால் உயரத்தில் நிறுத்துக. நாடோறும் காலை எட்டரை மணிக்கு அளவுகோலால் நீரின் ஆழத்தை அளந்து, அன்றைய முகில் திரளா படையா என்பதையும் காற்றின் திசையையும் அதனுடன் கொப்பியில் எழுதிவருக. பின்னர் பேணியைக் கவிழ்த்து வெறுமையாக்கி வைக்க. பேணியில் ஒரு மில்லிமீற்றர் நீர் நிற்குமாயின் ஓர் ஏக்கர் வயலில் ஏறத்தாழ 4,000 லீற்றர் வீழ்ந்துள்ளது. நூறு மில்லிமீற்றராயின் நான்கு இலட்சம் லீற்றர். வக்கடையின் அகலத்தை இவ்வெண்ணைக் கொண்டு தீர்மானிக்க.